மறுபடியும் வந்துவிடுமோ: செந்தூல் தங்கச்சிக்கு ஒரு நீளமான பதில்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 44. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் தமோக்சிஃபென் என்கிற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார், போன செக்கப்பில் டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனாலும் தினமும் ராத்திரி குளித்துவிட்டுக் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிறார், வீட்டுக்காரரையும் பார்க்கச் சொல்கிறார். போன வாரம் இடுப்பு வலித்ததும் எலும்புக்குப் பரவிவிட்டது என்று முடிவு கட்டி, விடியும் வரை கைப்பேசியில் தேடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அப்பாய்ன்மெண்ட் ஆகஸ்ட்டில். இப்போதே தூக்கம் போய்விட்டது. "டாக்டரே சரின்னு சொல்லிட்டார், அப்புறம் என்ன?" என்கிறாராம் வீட்டுக்காரர். தங்கச்சி கேட்பது இரண்டு கேள்வி: எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இப்படிப் பயந்து பயந்தே அதை நானே திரும்ப வரவழைத்துவிடுவேனா?

நான் பினாங்கில் 26 வருடம் தாதியாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் புற்றுநோய்ப் பிரிவில். "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிட்டவர்கள் பாதிப் பேர் பிறகு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஓய்வு பெறும் முன் கவுன்சலிங் படித்தேன். நான் மனநல டாக்டர் கிடையாது, உங்கள் ரிப்போர்ட்டையும் பார்த்ததில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது. வரவழைக்க மாட்டீர்கள். கவலைப்பட்டதால் புற்றுநோய் திரும்பி வந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. கட்டி என்ன வகை, எந்த நிலையில் பிடிபட்டது, சிகிச்சைக்கு எவ்வளவு மசிந்தது, இவைதான் கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் தலைக்குள் ஓடும் நினைப்புக்கு அந்தச் சக்தி இல்லை. நம் ஆட்கள் ஹோர்லிக்ஸ் டின்னைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்து, "பாசிட்டிவா இரும்மா, கெட்டது நினைச்சா கெட்டதுதான் நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வார்டில் நான் பார்த்தது என்னவென்றால், அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் நோயாளிக்குப் பயம் இரண்டாகிவிடும், நோயைப் பற்றிய பயம் ஒன்று, பயப்படுவதைப் பற்றிய பயம் இன்னொன்று. இந்த இரண்டாவதை இன்றே தூக்கிப் போடுங்கள். கவலை தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கெடுக்கும், சில பேரை மாத்திரையை விடவும் வைக்கும், அதற்காக அதைக் கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் அது நோயை வரவழைக்காது.

பைத்தியமும் இல்லை. உலகம் முழுக்க ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் ஒரு கணக்கு வந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 59 பேருக்கு இந்தப் பயம் கணிசமாக இருக்கிறது, 19 பேருக்கு மிகக் கடுமையாக இருக்கிறது. அதாவது உங்கள் கிளினிக் வாசலில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரில் ஆறு பேர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு உள்ளே இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். கனடாவில் 2009-ல் இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 42 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள், அதன் சுருக்கத்தில் 9 கேள்வி. ஆக இது பெயர் வைத்து, அளந்து, சிகிச்சையும் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம்.

சிகிச்சை நடக்கும்போது இல்லாத பயம் முடிந்த பிறகு ஏன் வருகிறது என்று நிறையப் பேர் குழம்புவார்கள். கடைசி கீமோ அன்று வார்டில் கேக் வெட்டி, எல்லோருக்கும் ஊட்டிவிட்டு, கார் பார்க்கில் வண்டிக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுத பெண்களை எனக்குத் தெரியும். யோசித்துப் பாருங்கள், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க ஒரு ஆள், நரம்பு தேட ஒரு ஆள், "சாப்பிட்டீங்களா" என்று கேட்க ஒரு ஆள். திடீரென்று ஒரு நாள் எல்லாம் முடிந்துவிட்டது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். காவலுக்கு நின்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி, இனி ராத்திரி முழுக்க நான்தான் கண்விழித்துக் காவல் காக்க வேண்டும் என்று மனசு வேலையை எடுத்துக்கொள்கிறது. உங்கள் ராத்திரித் தடவல் அந்தக் காவல் வேலைதான்.

சரி, அந்தக் காவல் ஏன் பயத்தைக் குறைப்பதில்லை? இதுதான் முழுப் பதிலிலும் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் தேடுவது கட்டியை என்று நினைக்கிறீர்கள். உண்மையில் தேடுவது "நிச்சயமாக இல்லை" என்கிற உறுதியை. தடவிப் பார்க்கிறீர்கள், ஒன்றும் இல்லை, அப்பாடா என்று இருக்கிறது. அந்த அப்பாடா எவ்வளவு நேரம் நிற்கிறது? அரை மணி நேரம்? அப்புறம், "சரியா பார்த்தேனா? அக்குள் பக்கம் பார்க்கலையே?" வீட்டுக்காரரைக் கேட்கிறீர்கள், அவர் ஒன்றும் இல்லை என்கிறார், அவர் டாக்டரா என்ன என்று தோன்றுகிறது, கைப்பேசியை எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கிற அந்தக் குட்டி நிம்மதி, மனசுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது: தேடினால்தான் தப்பிக்கலாம். அதனால் நாளைக்கு அது இன்னும் சீக்கிரம் தேடச் சொல்லும். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி. இதில் இன்னொரு வம்பு, தினமும் அழுத்திப் பார்த்தால் சதை புண்ணாகும், ஆபரேஷன் தழும்புக்குக் கீழே எப்போதும் இருக்கிற முடிச்சு, விலா எலும்பின் மேடு எல்லாம் புதிதாகத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இங்கே அரண்ட விரலுக்கு அகப்பட்டதெல்லாம் கட்டி.

இதே பயம் நேர் எதிராகவும் வரும். பினாங்குப் பக்கம் பிறை என்கிற ஊரில் ஒரு மாமா, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தவர். அப்பாய்ன்மெண்ட் அட்டையை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார். நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனைக்கு வரமாட்டார், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோபி, ஒரு வருடத்தில் செய்ய வேண்டியது, அதற்கும் வரவில்லை. போன் செய்தால் மகள் எடுத்து, "அப்பா நல்லாத்தான் இருக்கார், சந்தைக்குப் போயிருக்கார்" என்பாள். அக்கறை இல்லாத மனுஷன் என்று வார்டில் பேசிக்கொண்டோம், நானும்தான் பேசினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசனை அடித்தாலே கை நடுங்குகிறது, போகாமல் இருந்தால் அன்றைக்காவது சோறு இறங்குகிறது. பாருங்கள், நீங்கள் ஓயாமல் தேடுகிறீர்கள், அவர் தேடவே மாட்டேன் என்கிறார், இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். ஆனால் அவர் செய்ததில் ஆபத்து அதிகம். குடல் புற்றுநோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பும், சீக்கிரம் பிடித்தால் மறுபடி ஆபரேஷன் செய்து குணப்படுத்தவும் சில பேருக்கு வாய்ப்பு உண்டு. அந்த மூன்று வருடத்தைத்தான் டிராயரில் பூட்டி வைத்திருந்தார்.

ஆக, உறுதி கிடைக்காது. உங்கள் டாக்டராலும் தர முடியாது, ஸ்கேனாலும் தர முடியாது. ஒரு நாளில் எத்தனை தடவை அதைத் தேடிப் போகிறீர்கள் என்பதை மட்டும் குறைக்கலாம், அதைக் குறைத்தால் பயமும் மெல்லக் குறையும். மனநலச் சிகிச்சையிலும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் உடம்பைப் பற்றி ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள், சட்டம் இல்லாமல் "தடவாதே" என்று சொன்னால் யாராலும் முடியாது. மார்பைப் பரிசோதிப்பது மாதத்துக்கு ஒரு நாள், தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். மற்ற நாட்களில் கை போனால் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு வெளியே வாருங்கள். வலி, இருமல் மாதிரி புதிதாக ஏதாவது வந்தால், எந்த நாளில் ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரம் ஆகியும் விடாமல் இருந்தால் அல்லது நாளுக்கு நாள் கூடினால், ஆகஸ்ட் வரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். இரண்டு நாளில் போய்விட்டால் அது உடம்பு நடத்துகிற வழக்கமான சேட்டை. இந்த இரண்டு வாரக் கணக்குக்குள் அடங்காதவை சில உண்டு, அவற்றுக்கு அன்றைக்கே போக வேண்டும்: திடீர் மூச்சுத் திணறல், வலிப்பு, முதுகு வலியோடு கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. கடைசியாகச் சொன்னது தமோக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு முக்கியம், ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு அந்த மாத்திரையால் கொஞ்சம் கூடும். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, வழக்கமில்லாமல் போனாலோ அதையும் தள்ளிப் போடாமல் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டம் வரை கேட்கிற மாதிரி சொல்கிறேன், இவற்றுக்கு வெட்கம் பார்க்காதீர்கள்.

உங்கள் இடுப்பு வலி என்ன என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கீமோவுக்குப் பிறகு மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு மூட்டு வலியும் இடுப்புப் பிடிப்பும் சாதாரணமாக வருகிறது, ஹார்மோன் மாத்திரைகளாலும் வருகிறது. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காலையில் எழுந்து நடக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்பார்கள். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை பேர் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பார்கள்! நோயைக் கட்டுப்படுத்தும் மாத்திரையே நோய் திரும்பியதைப் போல ஒரு வலியையும் தருகிறது, மாத்திரை கொடுக்கிற அன்றைக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

இன்னொரு கோபமும் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிறது: "ஏன் ஒவ்வொரு முறையும் முழு உடம்பு ஸ்கேன் எடுப்பதில்லை, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதாலா?" இல்லை. அறிகுறி இல்லாத மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு மேமோகிராமும் டாக்டர் கையால் பார்ப்பதும்தான் உலகம் முழுக்க வழக்கம். 1994-ல் இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின, இரண்டிலும் சேர்த்து 2500 பெண்களுக்கு மேல். ஒரு பாதிப் பேருக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே என்று எடுத்தார்கள், மறுபாதிக்கு வழக்கமான செக்கப் மட்டும். உயிர் பிழைத்ததில் வித்தியாசம் இல்லை. கூடுதல் ஸ்கேன் என்றால் கூடுதல் பொய் எச்சரிக்கையும்தான், ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது, ஊசி போட்டுப் பார்ப்போம், மூன்று வாரம் காத்திருங்கள், கடைசியில் அது பிறந்ததிலிருந்து இருக்கிற நீர்க்கட்டி. அந்த மூன்று வாரத்தை உங்கள் மனசு எப்படிக் கழிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகஸ்ட்டில் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: என் வகைக்குத் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு, எந்த வருடங்களில் அதிகம், என்ன அறிகுறி வந்தால் நான் போன் செய்ய வேண்டும். ஏனென்றால் வகைக்கு வகை மாறும். ஹார்மோன் சார்ந்த வகை பத்து வருடம் கழித்தும் திரும்பலாம், அதனால்தான் மாத்திரையை ஐந்திலிருந்து பத்து வருடம் வரை கொடுக்கிறார்கள். ஹார்மோன் சாராத ட்ரிப்பிள் நெகட்டிவ் வகைக்கு முதல் சில வருடங்கள்தான் கண்டம். கற்பனையில் 90 சதவீதம் என்று வைத்திருப்பீர்கள், டாக்டர் சொல்லும் எண் பல பேருக்கு அதைவிட ரொம்பக் குறைவாக இருக்கும்.

இப்போது மனசு வேலை. ஆஸ்திரேலியாவில் இந்தப் பயத்துக்கென்றே ஒரு சிகிச்சையை 222 பேரிடம் செய்து பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள், மொத்தம் ஐந்து சந்திப்புதான், பயம் நன்றாகவே குறைந்தது, ஆறு மாதம் கழித்தும் நின்றது. ஒப்பிடுவதற்கு வைத்திருந்த குழுவுக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள், அவர்களுக்கும் ஓரளவு குறைந்தது, ஆனால் இவ்வளவு இல்லை. நெதர்லாந்திலும் கனடாவிலும் இதே மாதிரி உண்டு. அங்கே செய்வதில் மூன்றை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

ஒன்று, கவனத்தைப் பழக்குவது. சாயங்காலம் வீட்டு வாசலில் உட்காருங்கள். செந்தூலில் சத்தத்துக்கா பஞ்சம்? சூராவில், அதாவது சின்னப் பள்ளிவாசலில், பாங்கு, கோயில் மணி, கொம்யூட்டர் ரயில், பக்கத்து வீட்டு சீரியல், மேலே ஓடுகிற மின்விசிறி. ரயிலை மட்டும் ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு மின்விசிறிக்கு மாறுங்கள். பிறகு சீரியல். அப்புறம் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுங்கள், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம், தினமும். இது நிம்மதிக்காகச் செய்வதில்லை, நிம்மதி வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கவனம் எங்கே போக வேண்டும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று பழகுவதற்கு. கை எலும்பு உடைந்து கட்டுப் பிரித்த பிறகு செய்கிற உடற்பயிற்சி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, நினைப்போடு சண்டை போடாமல் இருப்பது. "வந்துவிட்டதோ" என்ற நினைப்பு வரும், வரட்டும். பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தமாக ஓடுகிறது, நீங்கள் போய் அணைக்க முடியாது, ஆனால் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் சொல்வதைக் குறிப்பெடுக்க வேண்டியதும் இல்லையே. குழம்பைத் தாளித்துக்கொண்டே இருங்கள், அது ஓடட்டும். சொல்ல எளிது, முதல் இரண்டு வாரம் எரிச்சலாக வரும்.

மூன்று, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் என் அனுபவத்தில் நம் பெண்களுக்கு இதுதான் அதிகம் கைகொடுத்தது. சாயங்காலம் ஆறரை மணி, இருபது நிமிடம், ஒரு நோட்டு. பகலில் வருகிற கவலையை ஒரு வரியில் எழுதிவிட்டு "ஆறரைக்கு வா" என்று அனுப்பிவிடுங்கள். ஆறரைக்கு உட்கார்ந்து மனதாரக் கவலைப்படுங்கள், அழ வேண்டுமானால் அழுங்கள், மணி அடித்ததும் எழுந்து அரிசி களைய வேண்டும். படுக்கைக்குப் போகும் நேரத்தை மட்டும் இதற்கு வைக்காதீர்கள், கைப்பேசியையும் ஹாலிலேயே சார்ஜ் போடுங்கள்.

அந்த நோட்டில் ஒரு நாள், தைரியம் வரும்போது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வியை எழுதிப் பாருங்கள். நிஜமாகவே திரும்ப வந்தால்? நாம் எப்போதும் அந்த வாசல் வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்துவிடுகிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதனால் அது பூதமாகவே நிற்கிறது. எழுதுங்கள்: டாக்டர் என்ன சொல்வார், யாரிடம் முதலில் சொல்வேன், வேலைக்கு என்ன செய்வேன், பிள்ளைகளை யார் பள்ளிக்கு ஏற்றுவார்கள். பெரும்பாலும் அடியில் கிடப்பது சாவுப் பயம்கூட இல்லை, பிள்ளைகள். அதற்குச் செய்யக்கூடியது இருக்கிறது. இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு வாரிசு பெயர் போட்டாயிற்றா, காப்புறுதிப் பத்திரம் எங்கே என்று வீட்டுக்காரருக்குத் தெரியுமா, உயில்? இதையெல்லாம் பேசினால் தரித்திரம் என்று மாமியார் சொல்லலாம். நோய் இல்லாதவரும் செய்து வைக்க வேண்டிய வேலைதான் இது. செய்து முடித்த பெண்கள் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

அப்பாய்ன்மெண்டுக்கு முந்தைய வாரங்கள் தனி ரகம், பரீட்சைக் காய்ச்சல் மாதிரி ஸ்கேன் காய்ச்சல். அந்த நாட்களில் பயம் ஏறத்தான் செய்யும், ஏறுவதை வைத்து ஏதோ அர்த்தம் கற்பிக்காதீர்கள். ரிசல்ட் என்றைக்கு, யார் சொல்வார்கள், போனிலா நேரிலா என்று படம் எடுக்கும் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவை ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், "கூப்பிடுவோம்" என்று அனுப்பிவிட்டு மூன்று வாரம் கூப்பிடவே இல்லை. ரிசல்ட் முதல் வாரமே வந்து கோப்பில் கிடந்திருக்கிறது, நல்ல ரிசல்ட்! கேட்பது உங்கள் உரிமை. கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள், பயத்தில் காதில் பாதிதான் விழும்.

வீட்டுக்காரரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அண்ணே, நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை, எனக்குத் தெரியும். கீமோ நாட்களில் வாந்தி அள்ளியவர் நீங்கள், உங்களுக்கும் இதே பயம்தான், அதனால்தான் பேச்சை வெட்டுகிறீர்கள். "நினைக்காதே" என்று சொன்னால் தங்கச்சி நினைப்பதை நிறுத்தமாட்டார், உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடுவார். அதற்குப் பதில், "பயமா இருக்கா? எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், போதும். ஆனால் கட்டி இருக்கா பார் என்று ராத்திரி கூப்பிட்டால், "மாதத்துக்கு ஒரு நாள்னு பேசியிருக்கோம்ல" என்று அன்பாக மறுத்துவிடுங்கள். முதல் வாரம் சண்டை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. "அந்த நோய்" என்று பெயரைக்கூடச் சொல்லாமல் பேசுவார்கள், மகள் கல்யாணத்துக்குத் தடையாகும் என்று மறைக்கச் சொல்வார்கள். யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம், ஆனால் வெளியே ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். டுரியான் பெலண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம், மாதம் 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பொடி என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அவர்கள் விற்பது நீங்கள் தேடுகிற அந்த உறுதியைத்தான், பொட்டலம் போட்டு. ஏற்கெனவே ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடமும் மருந்தகத்திலும் மறைக்காமல் சொல்லுங்கள். சாமி விஷயத்தில் நான் தலையிட மாட்டேன், நானே தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவள். பத்துமலையில் 272 படி ஏறி இறங்கினால் மனசு லேசாகிறது என்றால் ஏறுங்கள், நடையும் ஆயிற்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற மறந்தால் நோய் வந்துவிடும் என்று பதற ஆரம்பித்தால், அது பக்தியாக இல்லாமல் தடவிப் பார்ப்பதன் இன்னொரு உருவமாகிவிட்டது.

நடை என்றதும் ஞாபகம் வந்தது. 2025-ல் ஓர் ஆய்வு வந்தது, குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேர், பாதிப் பேருக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அந்தக் குழுவில் 80 சதவீதம், மற்றதில் 74. அது குடலுக்குத்தான், உங்கள் நோய்க்கு அதே எண்ணைப் போடக்கூடாது. ஆனால் களைப்புக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் நடை நல்லது என்பதில் சந்தேகமே இல்லை, தித்திவங்சா ஏரி உங்களுக்குப் பக்கம்தானே. பிறை மாமாவை டிராயரைத் திறக்க வைத்ததும் இப்படித்தான். காலையில் அவரோடு நடக்க ஆரம்பித்த ஒரு கூட்டாளிக்கும் அதே நோய், "வா, இரண்டு பேரும் ஒரே நாளில் ரத்தம் கொடுப்போம்" என்று கூட்டிப் போனார். நாங்கள் போன் போட்டுப் போட்டுச் செய்ய முடியாததை.

எப்போது ஆளைப் பார்க்க வேண்டும்? வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, தினமும் மணிக்கணக்கில் இதே நினைப்பு, வேலை கெடுகிறது, அப்பாய்ன்மெண்டைத் தவிர்க்கத் தோன்றுகிறது என்றால் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள், ஆகஸ்ட் வரை தள்ளாதீர்கள். உங்கள் புற்றுநோய் கிளினிக்கிலேயே கவுன்சலருக்கோ மனநலப் பிரிவுக்கோ கடிதம் கேளுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளிதான். பக்கத்து அரசாங்க கிளினிக்கில், 1 வெள்ளி கட்டி, கேள்வித்தாள் வைத்து மன அழுத்தத்தைப் பரிசோதித்து மேலே அனுப்புவார்கள். 1966-ல் தொடங்கிய, ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிஸில் இருக்கிற தேசியப் புற்றுநோய்ச் சங்கமும் உங்களுக்குத் தூரமில்லை. தனியாரிடம் போனால் பதிவு பெற்ற கவுன்சலரா என்று கேளுங்கள், 1998-ன் கவுன்சலர் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள், பயத்தை மலாயில் மொழிபெயர்த்துச் சொல்லும்போது பாதி காணாமல் போய்விடும். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால், உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு கணம் வந்தால்கூட, மனம்விட்டுப் பேசக் காது கொடுக்கிற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைக் கூப்பிடுங்கள், 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.

நோயாளிகள் குழுவில் சேரலாமா என்றால் சேரலாம், ஆனால் முன்கூட்டியே சொல்கிறேன், அங்கே யாருக்காவது திரும்ப வந்துவிட்ட செய்தி ஒரு நாள் வரும், அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் அடிக்கும். அவர் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. வாட்சாப் குழுவை ராத்திரியில் மௌனமாக்கி வையுங்கள்.

மறப்பதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். மனநல டாக்டர் மாத்திரை எழுதினால், தமோக்சிஃபென் சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பாரோக்செட்டின், ஃப்ளூஓக்செட்டின் மாதிரி சில மாத்திரைகள் தமோக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும், வெண்லாஃபாக்சின் மாதிரி அந்தத் தொல்லை குறைந்தவை இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே சாப்பிடும் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஆகஸ்ட் முடிந்ததும் எழுதுங்கள் தங்கச்சி. ரிசல்ட்டைச் சொல்ல மனமிருந்தால் சொல்லுங்கள். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் எத்தனை ராத்திரி தூங்கினீர்கள் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.